காற்றின் மேல் பழி

கொமொதோரோவில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
அறுபத்தாறாம் வருடத்துச் செவ்ரோலே, வலப்பக்கக் கதவு,
அதன் முன்மூலையில் முக்கோணக் கண்ணாடி.
எண்பதைத் தாண்டினால் தானாகத் திறந்துகொண்டு
சீழ்க்கை அடிக்கும். பிறகு படபடக்கும்.

பதினோரு வருடம்.
நான் ஓட்டுவேன், ஒவிதியோ பக்கத்தில்.
நான் ஏதாவது சொல்வேன்.
"என்ன?" என்பார்,
சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதுபோல
கட்டைவிரலால் ஜன்னலைக் காட்டுவார்.
"இந்தச் சனியனைச் சரிபண்ணணும். அடுத்த வாரம்."
எங்கள் வீட்டில் அடுத்த வாரம் என்பது
எட்டாவது கிழமையின் பெயர்.

சிகரெட் அட்டையை மடித்துச் செருகிப் பார்த்தோம்.
சைக்கிள் ட்யூப் துண்டு.
ஒருமுறை சீட்டுக்கட்டிலிருந்து வாள் ராஜா;
சார்மியெந்தோ சாலையில் எங்கேயோ
பறந்து போய்விட்டார்.
ராஜா இல்லாமல்தான் இன்றும் ஆடுகிறோம்,
யார் ஜெயித்தாலும் சண்டை.

வெள்ளிக்கிழமை, அவர் தூங்கும் நேரத்தில்
கதவைப் பிரித்தேன்.
கைப்பிடியின் ஊசி தெறித்து
சரளைக்குள் விழுந்தது,
அதைத் தேடவே அரைமணி.
அட்டையை நெம்பினால் கிளிப்புகள்
ஒவ்வொன்றாய்ப் பல் கழன்றன.
உள்ளே பழைய தார் வாசனை,
பென்சில் துண்டு, செத்த குளவி,
யமிலாவின் பால்பல் காலத்து மிட்டாய்த் தாள்.

ஓட்டை சின்னது. கை போனால் கண் போகாது,
கண் போனால் கை போகாது.
கையை அனுப்பினேன்.
கண்ணாடியின் காலடியில்
ஒரு தண்டு, ஒரு ஸ்பிரிங், கீழே நட்டு.
தகரத்தின் விளிம்பு மணிக்கட்டைக் கீறியதும்
பூனைகூட அறியாத வார்த்தை ஒன்று சொன்னேன்.

ஸ்பானருக்கு அங்கே கால்வட்டம்தான் இடம்.
கால்வட்டம், எடு, மாட்டு, கால்வட்டம்.
அதிகம் இறுக்கினால் சட்டம் முறுகும்,
கண்ணாடி ஒரே சொல்லில் உடையும்.
நடுநடுவே வெளியே வந்து
சுட்டுவிரலால் தள்ளிப் பார்ப்பேன்:
தள்ளினால் நகர வேண்டும்,
விட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.
மனுஷருக்கே இது கஷ்டம்.

கடைசியில் வாஷரின் காதை
ஸ்க்ரூடிரைவரால் மடித்து
நட்டின் கன்னத்தோடு சாய்த்தேன்.
இனி அது தானாகக் கழலாது.
அவரிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை. எண்பது. தொண்ணூறு.
வெளியே காற்று புல்லைத் தரையோடு படுக்கவைத்தது.
உள்ளே இன்ஜின் மட்டும்,
கைக்கடிகாரம்கூடக் கேட்கும்போலிருந்தது.
சிரிப்பை அடக்கிக்கொண்டு
சாதாரணக் குரலில் சொன்னேன்:
"யமிலா போன் பண்ணினாள். வேலையை விட்டுட்டாளாம்."

"என்ன?" என்றார் ஒவிதியோ.
கட்டைவிரல் எழுந்தது.
"இந்தச் சனியன்."

ஜன்னல் அசையாமல் இருந்தது.
சீழ்க்கை இல்லை, படபடப்பு இல்லை.
விரல் அந்தரத்தில் நின்றது.
அவர் கண்ணாடியைப் பார்த்தார்,
என் மணிக்கட்டுப் பிளாஸ்திரியைப் பார்த்தார்,
விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல்
முழங்காலில் வைத்தார்.

சாலையோரம் எண்ணெய்ப் பம்புகள் தலையாட்டின.
அவற்றுக்கு அப்பால் அந்தக் கம்ப்ரஸர் கொட்டகை,
தகரச் சுவர், முப்பத்திரண்டு வருட ஷிப்ட்.
பஞ்சு வைத்துக்கொள் என்று நான் சொன்னது
எந்த வருடம்?
சொன்னேனா?

எட்டு கிலோமீட்டர் யாரும் பேசவில்லை.
பிறகு அவர் பக்கம் குனிந்தேன்,
ஒரு கையில் ஸ்டியரிங்.
கொக்கியைத் திருப்பி
கண்ணாடியை முழுசாய்த் திறந்துவிட்டேன்.
காற்று அலறிக்கொண்டு உள்ளே வந்தது.
அவர் தொப்பி பின்சீட்டுக்குப் போயிற்று.

"யமிலா!" என்று கத்தினேன்.
"வேலையை! விட்டுட்டாள்!"

"நல்லதாப் போச்சு!" என்று
அவரும் கத்தினார்.